ஒரு கையால் படிக்கக்கூடிய புத்தகங்கள்

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், டயாலிசிஸ் நிலையத்துச் சாய்வு நாற்காலியில் கழிகிறது. ஒரு கையில் இரண்டு ஊசிகள். ஒன்று இரத்தத்தை இயந்திரத்துக்குக் கொண்டுபோகும், மற்றது சுத்தமானதைத் திருப்பிக் கொண்டுவரும். அந்தக் கையை ஆட்டக்கூடாது. ஆட்டினால் குழாயில் அழுத்தம் மாறி இயந்திரம் அலறும். மீதமிருப்பது ஒரு கை, ஒரு தொலைக்காட்சி, பக்கத்து நாற்காலிக்காரரின் குறட்டை. நான் மலேசியாவில், பினாங்கின் ஜார்ஜ்டவுனில் அப்படியொரு நிலையத்தில் தாதி. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள். "லேசாகப் படிக்க ஏதாவது இருக்கிறதா மிஸ்ஸி?" என்று கேட்பவர்களுக்காக என் அலமாரியிலிருந்து புத்தகங்களைக் கொண்டுபோகத் தொடங்கி, இப்போது மருந்துப் பெட்டிகளுக்குக் கீழே இரண்டு தட்டுகள் நிறைந்திருக்கின்றன.

இலக்கியப் பட்டியல்களை நானும் விரும்பிப் படிப்பவள்தான். சாகும் முன் படிக்க வேண்டிய நூறு, தவறவிடக்கூடாத ஐம்பது என்று வருடந்தோறும் வருகின்றன. எங்கள் நோயாளிகளிடம் 'சாகும் முன்' என்று எந்த வாசகத்தையும் தொடங்க முடியாது என்பது ஒரு பக்கம். அந்தப் பட்டியல்களில் எதுவும் புத்தகத்தின் எடையைச் சொல்வதில்லை என்பது இன்னொரு பக்கம். கெட்டி அட்டை போட்ட எழுநூறு பக்கத்தை ஒரு கையால் பிடித்து, அதே கையின் கட்டைவிரலால் பக்கம் திருப்பிப் பாருங்கள், நான் சொல்வது புரியும். இரவல் கொடுத்துக் கொடுத்து எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான் மிஞ்சியிருக்கிறது. பாதியில் மூடி வைத்தால் கோபித்துக்கொள்ளாத புத்தகம்தான் லேசான புத்தகம். இரத்த அழுத்தம் பார்க்க நான் வருவேன், இயந்திரம் கத்தும், மருத்துவர் வந்து உப்பைக் குறைக்கச் சொல்லித் திட்டுவார், மூன்றாவது மணியில் அழுத்தம் இறங்கிக் கண் சொக்கும். இத்தனைக்கும் பிறகு திறந்தால் விட்ட இடத்திலிருந்து பேச வேண்டும். கதையில் எத்தனை பேர் சாகிறார்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்த அளவுகோலில் முதலில் தேறுபவை பழைய தொடர்கதைகள். வாரம் ஒரு தடவை விட்டுவிட்டுப் படிக்கப்படுவதற்கென்றே அவை எழுதப்பட்டவை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் சின்னது, முடியும் இடத்தில் ஒரு கொக்கி. ஏழு நாள் இடைவெளியையே தாங்கிய கதைக்கு நான் இரத்த அழுத்தம் பார்க்கும் இரண்டு நிமிடம் ஒரு பொருட்டா? ஐந்து பாகம் என்று பயப்பட வேண்டாம். மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் போனதற்கே நீரிழிவுதான் காரணம், கண்ணையும் அது விட்டுவைப்பதில்லை. அச்சுப் புத்தகத்தின் பொடி எழுத்தோடு மல்லுக்கட்டிக் கைவிட்டவர்கள் கைப்பேசியில் வந்தியத்தேவனோடு குதிரையேறிப் போகிறார்கள். படம் பார்த்துவிட்டேனே என்பவர்களிடம், படத்தில் ஆழ்வார்க்கடியானின் வாய்க்கு வேலையே கொடுக்கவில்லை, வந்து புத்தகத்தில் கேளுங்கள் என்று சொல்வேன்.

ஒரே ஒரு புகார் வந்தது. முதல் அத்தியாயமே வீரநாராயண ஏரியில் ஆடிப் பெருக்கு. கரை தளும்பத் தண்ணீர், சனங்கள் கமுகு மட்டையில் சித்திரான்னம் வைத்துச் சாப்பிடுகிறார்கள். டயாலிசிஸ் செய்பவர்களுக்குக் குடிநீருக்குக் கணக்கு உண்டு. நாளைக்கு அரை லிட்டர், சிறுநீர் இன்னும் வருபவர்களுக்கு அதற்கேற்பக் கொஞ்சம் கூடுதல். உப்பும் பொட்டாசியமும் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், வாழைப்பழத்துக்கும் டுரியானுக்கும் தடை. "மிஸ்ஸி, இந்த ஆளுக்குப் பசியும் தாகமும் காட்டாமல் கதை ஆரம்பிக்கத் தெரியாதா?" என்றார் நிபோங் திபால் பக்கத்துப் பெரியவர் ஒருவர். நியாயமான விமர்சனம். எந்தத் திறனாய்வு நூலிலும் இதை நான் பார்த்ததில்லை.

அவருக்கே அடுத்ததாக அசோகமித்திரனின் 'தண்ணீர்' கொடுத்தேன், கொஞ்சம் குறும்பாகத்தான். அட்டையைப் பார்த்துவிட்டு, குடிக்கத் தர மாட்டீர்கள், படிக்க மட்டும் தருகிறீர்கள் என்று அறையே கேட்கும்படி சிரித்தார். மெல்லிய புத்தகம். வறண்ட சென்னையில், குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்களைப் பற்றியது. ஜமுனாவின் வாழ்க்கை கீழே கீழே போகும்போதும் அசோகமித்திரன் குரலை உயர்த்துவதில்லை, கண்ணீருக்குக் கையைப் பிடித்து இழுப்பதில்லை. பினாங்கிலும் கெடாவிலும் தண்ணீர் வெட்டு வந்து, லோரி வருமா என்று வாளியோடு வாசலில் நின்றவர்களுக்கு அந்தத் தெரு அந்நியமாகப் படாது. பெரியவர் ஒரே வாரத்தில் முடித்துத் திருப்பிக் கொடுத்தபோது சொன்னது: எல்லாருக்கும் அளந்துதான் கிடைக்கிறது.

சிரிக்க வேண்டும் என்பவர்களுக்குத் தேவனின் 'துப்பறியும் சாம்பு'. வங்கி குமாஸ்தா சாம்பு அசட்டுத்தனமாக எதையோ செய்ய, திருடன் தானாக வந்து அகப்படுவான், ஊரே சாம்புவின் மூளையைப் புகழும். விகடனில் தனித்தனிக் கதைகளாக வந்தவை என்பதால் எங்கே வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். ஆனால் எனக்கு இதனால் வேலை கூடும். சிரிக்கும்போது தோள் குலுங்கும், தோள் குலுங்கினால் ஊசிக் கை அசையும், இயந்திரம் மணியடிக்கும். எட்டாம் நாற்காலியில் மணியடித்தால், ஓடிப்போவதற்கு முன்னால் மடியில் சாம்பு இருக்கிறாரா என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பட்டர்வொர்த்திலிருந்து காலையில் ஃபெரி ஏறும் நாட்களில் நானும் ஒரு கதை படிப்பேன். இந்தக் கரையில் புறப்பட்டு அந்தக் கரை சேர்வதற்குள் சாம்புவும் ஒரு திருடனைப் பிடித்துவிடுவார்.

சுஜாதாவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கணேஷும் வசந்தும் பரிந்துரை இல்லாமலே விலைபோகிறவர்கள். 'கொலையுதிர் காலம்' மட்டும் எங்கள் நிலையத்தில் இரண்டு பிரதி தேவைப்படுகிறது. ஒருவர் படிக்கும்போதே மற்றவர், பேய் உண்டா இல்லையா என்று முடிவைக் கேட்டுத் தொல்லை செய்வதால்.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். லேசாகப் படிக்கக் கேட்பவரிடம் சப்பையான ஒன்றை நீட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. களைத்திருக்கிறார், பாவம், இவருக்கு இது போதும் என்று. படித்தவர்கள் படிக்காதவர்களுக்குச் செய்யும் மரியாதைக் குறைவு இது. களைத்தவருக்கு நல்ல எழுத்து இன்னும் சீக்கிரம் புரியும், சுற்றி வளைப்பதைத்தான் அவரால் தாங்க முடியாது. இதற்கு என் கையில் இருக்கும் சாட்சி கு. அழகிரிசாமி.

பலருக்குத் தெரியாத செய்தி, அழகிரிசாமி நம் ஊரில் இருந்தவர். 1952 இல் கோலாலம்பூருக்கு வந்து தமிழ் நேசன் பத்திரிகையில் ஆசிரியராக வேலை பார்த்தார். 1957 இல் திரும்பிப் போகும்வரை இங்கே இளம் எழுத்தாளர்களைக் கூட்டிவைத்துச் சிறுகதை எழுதப் பழக்கினார். 1924 இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019 ஜனவரியோடு நின்றுவிட்டது. தமிழ் நேசன் என்றதும் எங்கள் நோயாளிகளில் மூத்தவர்களுக்கு முகம் மலரும். ரப்பர் தோட்டத்தில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டதைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அந்த ஆசிரியர் எழுதிய கதை என்று சொல்லித்தான் நான் அழகிரிசாமியை அறிமுகம் செய்வது. சிபாரிசு பாதி வேலையை அங்கேயே முடித்துவிடும்.

கொடுப்பது 'அன்பளிப்பு' கதை. பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகங்கள் கொண்டுவந்து கொடுக்கிறார். பிள்ளைகள் அவர் மேல் ஏறி விளையாடாத குறை. அந்தக் கூட்டத்தில் ஓரமாக நிற்கும் சாரங்கன் என்ற பையன் ஒருநாள் அவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறான். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் படித்துவிடலாம். ஆனால் இரண்டாவது மணியில் படித்து முடித்த ஒரு அக்கா மிச்ச நேரம் முழுக்க எதையும் திறக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரத்த அழுத்தம் சரியாகத்தான் இருந்தது, பார்த்துவிட்டேன். தனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் பெயரை மட்டும் சொன்னார். யார் எவர் என்று நான் கேட்கவில்லை. பிறை தொழிற்பேட்டையில் பல வருடம் மின்னணுப் பலகைக்குப் பற்றவைத்தவர் அவர், பள்ளியை விட்டபின் கதை எதுவும் படித்ததில்லை என்று என்னிடம் எச்சரித்தவர். இப்போது 'ராஜா வந்திருக்கிறார்' முடித்துவிட்டு, இந்த மனுசன் வேறு என்னவெல்லாம் எழுதியிருக்கிறார் என்று கேட்கிறார்.

பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுப்பவரைப் பற்றிய அந்தக் கதை எனக்கும் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. தட்டிலிருந்து யாருக்கு எடுத்துக் கொடுத்தாலும், கேட்காமல் உட்கார்ந்திருப்பவர் யார் என்று இப்போது ஒரு சுற்றுப் பார்க்கிறேன்.

சோகக் கதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சோகக் கதையைத்தான் கேட்டு வாங்குபவர்களும் உண்டு. எங்கள் தோட்டத்து நாவல்கள் எல்லாமே அழுகை என்று என் தம்பி கிண்டல் செய்வான். ஓரளவு உண்மைதான். ஆனால் நிலையத்தில் எழுபது கடந்த ஒருவர், காதல் கதை எதையும் பத்துப் பக்கத்துக்கு மேல் தாண்ட முடியாதவர், அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' நாவலை விடாமல் படித்தார். சயாம் மரண ரயிலைப் பற்றியது. 1942 இலிருந்து 1943 வரை ஜப்பானியர் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் தண்டவாளம், அதில் கொண்டுபோய்ப் போடப்பட்ட நம் தோட்டத்து ஆட்கள். அவருடைய அப்பா அங்கே போய்த் திரும்பியவர், திரும்பியபின் அதைப் பற்றி வாய் திறக்காதவர். கதையில் வரும் சாப்பாடு, நோய், சாக்கு, மழை எல்லாமே அவருக்கு முன்பே பாதி தெரிந்தவை. தெரிந்த வழியில் நடப்பது லேசு. காதலர்கள் கடற்கரையில் பேசிக்கொள்வதுதான் அவருக்கு முன்பின் தெரியாத காடு. இதே ரயிலைப் பற்றி ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலும் இருக்கிறது. அதையும் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். ஒன்றை மட்டும் கவனித்தேன், மூன்றாவது மணியில் அவர் தூங்குவதில்லை.

அந்திம நோய்க் கதைகளை மட்டும் நான் தட்டில் வைப்பதில்லை. ரெ. கார்த்திகேசு இங்கே பினாங்கில், அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், தெளிந்த நீரோட்டம் போன்ற எழுத்து. அவருடைய 'அந்திம காலம்', கடும் நோயில் விழுந்த முதியவர் ஒருவரைப் பற்றியது. எனக்கு மிகவும் பிடித்த நாவல். என் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. கேட்பவர்களுக்கு அவருடைய 'வானத்து வேலிகள்' கொடுக்கிறேன். இதைத் தணிக்கை என்றால் தணிக்கைதான். ஊசி போடும் கையால் அந்தப் புத்தகத்தை நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

இனி ப. சிங்காரம். பினாங்கில் இருந்துகொண்டு சிங்காரத்தைப் படிக்காதவர்களை எப்படியாவது படிக்க வைக்க வேண்டும் என்ற வெறி எனக்கு உண்டு. சிங்கம்புணரியில் பிறந்து, கடல் கடந்து இந்தோனேசியாவின் மேடானுக்கு வேலைக்கு வந்தவர். திரும்பிப் போய் மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். எழுதியது இரண்டே நாவல்கள். 'புயலிலே ஒரு தோணி'யில் பாண்டியன் மேடானிலிருந்து நம் பினாங்குக்குத் தொங்கான் என்ற மரக்கலத்தில் வருகிறான், நடுக்கடலில் புயல். மலாக்கா நீரிணை அப்படிக் கொந்தளித்து நான் வேறெங்கும் படித்ததில்லை. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அது டயாலிசிஸ் நாற்காலிக்கு ஒத்துவராது. குடித்துவிட்டுத் தமிழ்ப் பெருமையைக் கிழித்துத் தோரணம் கட்டும் பேச்சுகள், திடீரென்று மதுரைத் தெரு, திடீரென்று மொக்கையாக ஒரு சாவு. பாதியில் மூடினால் நிச்சயம் கோபித்துக்கொள்ளும். அதை வீட்டுக்கு எடுத்துப்போங்கள். நாற்காலிக்கு 'கடலுக்கு அப்பால்' சரியாக இருக்கும். அளவில் சிறியது, நேராகப் போகும், இந்திய தேசிய இராணுவத்திலிருந்து வந்த செல்லையாவும் அவன் மனத்தில் மரகதமும். பினாங்குத் தெருவில் பழைய செட்டியார் கட்டடங்களைத் தாண்டி வேலைக்கு வருபவர்களுக்கு, அந்தக் கதவுகளுக்குப் பின்னால் ஒரு காலத்தில் என்ன பேசினார்கள் என்பது தெரியவரும்.

கடல் என்றதும் ஞாபகம் வருகிறது, சாண்டில்யனின் 'கடல்புறா'. மூன்று பாகம், ஒவ்வொன்றும் செங்கல். ஒரு கைக்காரர்களுக்குக் கட்டாயம் ஆகாது. ஆனால் இதற்கு ஒருவர் வழி கண்டுபிடித்தார். ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர், நாங்கள் எல்லாரும் அண்ணன் என்று அழைப்பவர். மற்ற நாட்களில் வீட்டில் இரண்டு கையாலும் படித்துவிட்டு, இங்கே வந்து பக்கத்து நாற்காலிகளுக்குக் கதையாகச் சொன்னார். கதை கடாரத்துக்கு வந்தபோது, அது நம்முடைய கெடா, பூஜாங் பள்ளத்தாக்கு, மெர்போக் பக்கம் லோரியில் எத்தனை தடவை போயிருக்கிறேன் என்று ஆரம்பித்து, இளையபல்லவனின் மரக்கலங்களை விட்டுவிட்டுத் தன் லோரியை ஓட்டத் தொடங்கிவிடுவார். யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. மஞ்சளழகியின் வர்ணனையை மட்டும் பெண்கள் இருக்கும் அறையில் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தாண்டிப் போனார். சாண்டில்யனைச் சுருக்க அதைவிடச் சிறந்த முறை இருக்க முடியாது.

தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. மலாய் வழித் தேசியப் பள்ளியில் படித்த இளையவர்கள் எங்களிடம் நிறையப் பேர் வருகிறார்கள், முப்பதுகளிலேயே. இவர்களிடம் தாய்மொழிப் பற்று பற்றி உரை நிகழ்த்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதலில் கையில் ஒரு புத்தகம் ஏறட்டும். நம் கேலிச்சித்திரக்காரர் லாட் வரைந்த 'கம்போங் பாய்' கொடுப்பேன். 1979 இல் வந்தது, பேராக்கில் ஒரு கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, பையனின் பிள்ளைப் பருவம், பக்கத்துக்கு ஒரு பெரிய படமும் கொஞ்சம் எழுத்தும். முதல் மணியிலேயே முடிந்துவிடும். அதை ஒட்டி அவர்களே தங்கள் பாட்டி வீட்டைப் பற்றிப் பேசுவார்கள். ஒரு இளைஞர் அதற்குப் பிறகு, தமிழ்ப்பள்ளியில் படிக்கும் தன் மகளிடமிருந்து கே. பாலமுருகனின் சிறுவர் மர்மக் கதை ஒன்றை இரவல் வாங்கி வந்தார், 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்'. எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார். தெரியாத சொல்லை என்னிடம் கேட்பார், எனக்கு வேலை இருந்தால் லோரி அண்ணனிடம். மகள் வீட்டில் எந்தப் பக்கம் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டுக் கண்டிப்பாக இருக்கிறாளாம்.

எதைக் கொடுப்பதென்று ஒன்றும் தோன்றாத நாளில் அ. முத்துலிங்கத்தின் 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்'. யாழ்ப்பாணத்தில் கொக்குவில், பிறகு ஆப்பிரிக்கா, பிறகு கனடா. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு மனிதர் ஏதோ சுவாரசியமான சங்கடத்தில் மாட்டியிருப்பார். நாவல் என்று போட்டிருக்கிறது, நான் அதைப் பற்றி விவாதிப்பதில்லை.

புத்தகம் எங்கே வாங்குகிறேன் என்று கேட்பவர்களுக்கு: லிட்டில் இந்தியாவில் லெபோ பாசார் பக்கம் நாவல்கள் கொஞ்சம் கிடைக்கும், பஞ்சாங்கங்களுக்கும் ஊதுபத்திக்கும் நடுவில் தேட வேண்டும். சௌரஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. ஆங்கிலமும் மலாயும்தான் அங்கே அதிகம், என் லாட் அங்கே வாங்கியது. மற்றவை தமிழ்நாட்டுக்குப் போய்வருபவர்களின் பெட்டியில் மூன்று நான்காக வருகின்றன. நிலையத்துக்குப் போகும் ஒவ்வொன்றுக்கும் கண்ணாடித்தாள் அட்டை போட்டுவிடுவேன், திரும்பி வந்ததும் கிருமி நீக்கும் ஆல்கஹால் துணியால் துடைக்க வசதியாக. கல்லீரல் அழற்சி பி உள்ளவர்களுக்குத் தனி அறை, தனி இயந்திரம் என்பதால் தனிப் புத்தகங்களும் உண்டு. அந்த அறைக்குப் போன சாம்பு அங்கேயே தங்கிவிட்டார், இன்னொரு பிரதி வாங்க வேண்டியதாயிற்று.

இப்போது எனக்குத் தேவை தேவனின் 'மிஸ்டர் வேதாந்தம்', கெட்டி அட்டை இல்லாதது, எழுத்து பெரிதாக இருந்தால் நல்லது. அடுத்த மாதம் சென்னையிலிருந்து யாராவது வருகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், பணமும் கொடுத்துவிடுகிறேன், பட்டர்வொர்த் ஃபெரி முனையத்துக்கே வந்தும் வாங்கிக்கொள்கிறேன்.